ஏற்பாட்டில் எங்களை மிஞ்ச ஆளில்லை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துக் குடும்பங்களை வாயாரப் பாராட்ட வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. வேப்பூர், ஆலத்தூர் பக்கம் மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடுகிறவர்கள். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி. திருமானூர், தா.பழூரில் கொள்ளிடத்தை ஒட்டிய நெல். எங்கேயானாலும் கையில் காசு புரளாத மாதங்களே அதிகம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு என்று நாள் குறித்துவிட்டால், அதை நடத்திக் காட்டும் நேர்த்தியை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும்.

வேப்பூர் ஒன்றியத்தில் ஒரு வீட்டில் பெண்ணின் பெரியப்பா எழுதி வைத்திருந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். முதல் வரியில் பிள்ளையார் சுழி. அடுத்து பந்தல்காரர் எண், அவர் வராவிட்டால் கூப்பிட இன்னொருவர் எண். கரண்டு போனால் ஜெனரேட்டருக்கு யார், எவ்வளவு வாடகை. ஏழு வகைச் சோற்றுக்கு அரிசி எத்தனை படி, புளி எத்தனை கிலோ. கண்ணாடி வளையலில் ரெண்டு நாலு எத்தனை டஜன், ரெண்டு ஆறு எத்தனை டஜன். வருகிற சின்னப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சின்ன அளவு. பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக எந்த வண்டி, அது கிடைக்காவிட்டால் எந்த வண்டி. பணம் எவரெவரிடம் எவ்வளவு கேட்டிருக்கிறது, எவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்பதுவரை இருந்தது. ஒன்று தவறினால் இன்னொன்று என்று எல்லாவற்றுக்கும் மாற்று வைத்திருந்தார். எட்டாவது வரை படித்தவர். இந்தத் திறமைக்கு முன்னால் எந்த அலுவலகத் திட்ட அறிக்கையும் நிற்காது. மனதாரச் சொல்கிறேன், ஏற்பாட்டில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

வலி எடுக்கும் நாளுக்கு அந்த நோட்டில் ஒரு பக்கமும் இல்லை.

அந்த நாளுக்கு வேண்டிய ஏற்பாடு பந்தலைவிடச் சின்னதுதான். எந்த மருத்துவமனைக்குப் போவது, அங்கே முடியாது என்று சொன்னால் அடுத்து எங்கே, நள்ளிரவில் 108 வேறு ஊருக்குப் போயிருந்தால் எந்த வண்டி, கூடப் போகிற பெண் யார், மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, அவசரத்துக்கு எடுக்கப் பணம் எங்கே இருக்கிறது, கர்ப்பிணியின் ரத்த வகை என்ன, அதே வகை உள்ள இரண்டு பேர் யார். கூடவே, எந்த அறிகுறி கண்டால் விடியட்டும் என்று உட்காரக் கூடாது என்பது. இவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்த பிரசவ முன்னேற்பாடு என்பதும் இதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை.

இதற்குப் பின்னால் இருக்கும் யோசனை பழையது. 1994-இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இருவர், பிரசவத்தில் தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்பதை மூன்று தாமதங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். போகலாமா வேண்டாமா என்று வீட்டில் முடிவெடுக்க ஆகும் தாமதம். வண்டி பிடித்துப் போய்ச் சேர ஆகும் தாமதம். சேர்ந்த பிறகு உரிய சிகிச்சை கிடைக்க ஆகும் தாமதம். முப்பது ஆண்டுகள் கழிந்தும் உலகம் முழுக்க இந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள்.

தமிழ்நாட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதில் நாட்டுக்கே முன்மாதிரி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஒரு தலைமுறைக்குள் இதைச் சாதித்தவர்களுக்கு எத்தனை மாலை போட்டாலும் தகும். அதே காலத்தை ஒட்டிய 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு இறந்த தாய்மார் இந்தியா முழுக்க 97 பேர், தமிழ்நாட்டில் 54 பேர். இதற்கும் பாராட்டு உண்டு. பக்கத்தில் கேரளத்தில் அது 19. ஏறக்குறைய எல்லாருமே மருத்துவமனைக்குப் போகிற மாநிலத்தில் 54 என்றால், அந்தப் பெண்கள் போகாமல் இறக்கவில்லை. பெரும்பாலும் போயும் இறந்திருக்கிறார்கள். எப்போது போனார்கள், எந்த நிலையில் போனார்கள், முதலில் எங்கே போய் அங்கிருந்து எங்கே அனுப்பப்பட்டார்கள் என்பதுதான் இன்று கேட்க வேண்டிய கேள்வி.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற எங்கள் வழக்கத்தையும் புகழத்தான் வேண்டும். மாமியார் வீட்டில் கேட்கக் கூச்சப்படுகிற ஒரு வாய் மோரை அம்மாவிடம் உரிமையோடு கேட்கலாம். ஓய்வு கிடைக்கும். நிறைமாதத்தில் ஒரு பெண்ணுக்கு இதைவிட நல்லது என்ன? ஆனால் வளையல் போட்ட கையோடு அவள் ஊர் மாறுகிறாள். ஆறேழு மாதம் அவளைப் பார்த்து, ரத்தசோகையையும் பிரஷரையும் அட்டையில் குறித்து வந்த கிராம சுகாதாரச் செவிலியர் செந்துறைப் பக்கம் இருப்பார். பிரசவம் குன்னம் பக்கம் நடக்கும். இந்த இரண்டு மாவட்டமும் 1995 வரை திருச்சியோடு ஒன்றாக இருந்தவை. 2001-இல் அரியலூர் தனியானது, 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் மட்டும் எந்த எல்லைக்கோட்டையும் பார்க்காமல் நடந்துகொண்டே இருக்கிறது. பதிவேடு எல்லையோடு நின்றுவிடுகிறது. கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் கணினியில் இருந்தாலும், புது ஊர்ச் செவிலியரின் கதவைத் தட்டி, "என் மக வந்திருக்கா, ஒன்பதாம் மாசம், ரத்தம் கம்மின்னாங்க" என்று ஒரு ஆள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். வளையலை எண்ணி வாங்கிய குடும்பத்துக்கு இந்த ஒரு நடை பெரிய வேலையா?

மாமியார்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பாராட்டு நிறைவாகாது. நாலும் ஐந்தும் வீட்டிலேயே பெற்றவர்கள். மருத்துவச்சி கை பிடிக்க, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெற்றவர்கள். வயிற்றைத் தொட்டே இது நிஜ வலியா பொய் வலியா என்று சொல்வார்கள். "சூட்டு வலியா இருக்கும். சீரகத் தண்ணி காய்ச்சிக் குடு. நெசமான வலின்னா நிக்காது." பல நேரம் அவர்கள் சொன்னபடியே இருக்கும். அந்தக் கண் பொய் சொல்வதில்லை.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ரத்த அழுத்தம். மருமகள், "அத்தை, ரெண்டு நாளா தலைவலி விடல, கண்ணுல பூச்சி பறக்குற மாதிரி இருக்கு" என்பாள். "பித்தம்டி. எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடி" என்று பதில் வரும். முகமும் கையும் வீங்கியிருந்தால், "எனக்கும்தான் வீங்குச்சு, பெத்ததும் வடிஞ்சிரும்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90-க்கு மேல் போய், தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் அது வலிப்புக்கு முந்தைய கட்டமாக இருக்கலாம். அதைத் தடுக்க விலை மலிவான மக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் செய்து 2002-இல் வெளியான ஆய்வில், வலிப்பு வரும் வாய்ப்பை அது பாதிக்கு மேல் குறைத்தது. ஊசி ஆஸ்பத்திரியில் இருக்கும். எலுமிச்சம்பழச் சாறு குடித்துவிட்டுப் படுத்திருக்கும் பெண்ணிடம் அது நடந்து வராது.

மாமியார் அனுபவத்தில் நான் நெடுநேரம் யோசித்த ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே ஐந்து பெற்று உயிரோடு இருப்பவர்கள்தான் மாமியார் ஆனார்கள். அந்த அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் உதிரம் நிற்காமல் போனவர்கள், ஜன்னி கண்டு போனவர்கள், யாருக்கும் மாமியார் ஆகவில்லை. அவர்களுடைய அனுபவத்தைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. பிழைத்தவர்களின் பாடத்தை மட்டும் கேட்டுத்தான் எங்கள் வீடுகளில் முடிவெடுக்கிறோம்.

இளைஞர்களின் ஈர மனசுக்கு வருகிறேன். பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு பெண்ணுக்கு ரத்தம் வேண்டும் என்று நடுராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள். முகம் தெரியாத பையன்கள் பைக்கில் வந்து நிற்பார்கள். சாதி கேட்க மாட்டார்கள், காசு கேட்க மாட்டார்கள். எங்கள் மண்ணில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இது. ஆனால் கையிலிருந்து எடுத்த ரத்தத்தை அப்படியே ஏற்றிவிட முடியாது. வகை பார்க்க வேண்டும், நோய்க்கிருமிகள் உண்டா என்று சோதிக்க வேண்டும், அந்தப் பெண்ணின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் கட்டுமீறிய உதிரப்போக்கு, சிகிச்சை கிடைக்காவிட்டால், இரண்டு மணி நேரத்தில்கூட உயிரைக் கொண்டுபோய்விடும். நடுராத்திரி வருகிற அதே பையன் ஒரு வாரம் முன்பே வந்து கொடுத்திருந்தால், ரத்த வங்கியில் ஒரு பை தயாராக இருந்திருக்கும். அவனை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. கணவனுக்கே மனைவியின் ரத்த வகை தெரியாதபோது யார் யாரைக் கேட்பது? அது தாய் சேய் நல அட்டையில் எழுதியிருக்கிறது. அந்த அட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

உறவுக்காரர்களின் ஒற்றுமையும் லேசுப்பட்டதல்ல. பிரசவத்துக்குப் போன பெண்ணைத் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் ஊரே கிளம்பும். அரை மணி நேரத்தில் ஒரு வேன் வாசலில் நிற்கும். டிரைவர் வந்துவிடுவார், டீசலுக்குப் பணம் சேர்ந்துவிடும், பதினைந்து இருபது பேர் ஏறிவிடுவார்கள். அந்தப் பெண்ணின் வீட்டில் சாயங்காலம் முழுக்க வண்டி கிடைக்கவில்லை என்று காத்திருந்தார்களே, அப்போதும் அந்த வேன் அதே தெருவில்தான் நின்றிருக்கும். அதன் சொந்தக்காரரிடம், "எங்க பொண்ணுக்கு இந்த மாசம் தேதி குடுத்திருக்காங்க, ராத்திரி கூப்பிட்டா வருவீங்களா மாமா?" என்று முன்பே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மறுத்திருப்பாரா? எங்கள் ஊரில் மறுக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

பெரம்பலூரிலிருந்து திருச்சி ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். நான்குவழிச் சாலை, பிரச்சினையில்லை. வேப்பந்தட்டைக்கு மேற்கே பச்சைமலை அடிவாரத்து ஊரிலிருந்து பெரம்பலூர் வந்து சேருவதுதான் கடினம். அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, பத்து கிலோமீட்டர் என்பது எவ்வளவு நேரம் என்று தெரியும். 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பெரிய வரம். ஆனால் வாசல்வரை பெண்ணைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை எந்தக் கல்லூரிக்கும் உரியதல்ல.

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவரை எங்கள் வீட்டுப் பெண்கள் மறப்பதே இல்லை. சுகப்பிரசவமானால் வாழைத்தார் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, நல்லபடி பிறந்ததும் மறக்காமல் போய்ச் செலுத்திவிட்டு வருகிறார்கள். அந்தப் பக்தியை வணங்குகிறேன். தலபுராணம் என்ன சொல்கிறது? பேறுகாலத்தில் இருந்த மகளைப் பார்க்கக் கிளம்பிய தாயைக் காவிரி வெள்ளம் வழிமறித்துவிட்டது. தனியாக வலியில் கிடந்த பெண்ணுக்கு இறைவனே தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜத் தாய் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாடியஸும் மெய்னும் சொன்ன இரண்டாவது தாமதம் இதுதான். எங்கள் முன்னோர் அதைக் கோயிலாகவே கட்டி வைத்திருக்கிறார்கள். சாமி வந்ததை ஞாபகம் வைத்திருக்கிறோம். அம்மா வந்துசேர முடியாமல் போனதைக் கதையோடு விட்டுவிட்டோம்.

அரசாங்கத்துக்கு வர வேண்டிய பாராட்டை மறுத்தால் நன்றி கெட்டவனாவேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 1987-இலிருந்து நடக்கிறது. இன்று ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய். 108 வண்டி 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. 2011-இலிருந்து அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவை, மருந்து, ரத்தம், போக்குவரத்து எல்லாமே இலவசம் என்று சட்டமாகவே சொல்லாத குறைதான். எல்லாவற்றையும்விட எனக்கு மனம் நெகிழ்வது சமுதாய வளைகாப்பு. சாதி மாறிக் கல்யாணம் செய்து இரண்டு வீட்டாலும் கைவிடப்பட்ட பெண்ணுக்கும், செய்ய வசதியில்லாத வீட்டுப் பெண்ணுக்கும், அரசே வளையல் போட்டு, பூ வைத்து, வகைவகையான சோறு போட்டு அனுப்புகிறது. வேறு எந்த ஊரில் இப்படி நடக்கும்?

நான் போயிருந்த ஒரு விழாவைச் சொல்கிறேன். மண்டபம் நிறையக் கர்ப்பிணிகள். மேடையில் மருத்துவர் இருந்தார். செவிலியர்கள் இருந்தார்கள். அங்கன்வாடி ஊழியர்கள் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் ஊரையும் மனப்பாடமாகச் சொன்னார்கள். பின்வரிசை நாற்காலிகளில் மாமியார்களும் அம்மாக்களும். மண்டபத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் பைக்கைச் சாய்த்துக்கொண்டு கணவர்கள். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை. கீரை சாப்பிடுங்கள், பேரீச்சம்பழம் சாப்பிடுங்கள், சந்தோஷமாக இருங்கள் என்று மருத்துவர் சில நிமிடம் பேசினார். நன்றியுரை. பிரசவத்தைப் பற்றி முடிவெடுக்கும் எல்லாரையும் ஒரே இடத்தில் சேர்த்த திறமை சாதாரணமானதல்ல. அவர்களை வைத்துக்கொண்டு அரை மணி நேரம், "ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி உடைஞ்சா என்ன செய்வீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று வெளியே நின்ற அந்தக் கணவர்களைக் கேட்டிருந்தால்!

இங்கேதான் எனக்குத் தீராத குறை இருக்கிறது. கர்ப்பிணிக்குக் கல்வி என்று வரும்போது கர்ப்பிணியை மட்டும் உட்கார வைக்கிறோம். உதிரம் போனால் உடனே வா, குழந்தை அசைவு குறைந்தால் வா, காய்ச்சல் அடித்தால் வா என்று செவிலியர் அவளிடம் சொல்கிறார். அவள் கேட்டுக்கொள்கிறாள், புரிந்தும் கொள்கிறாள். ராத்திரி அந்த அறிகுறி வரும்போது வண்டிக்குப் பணம் கணவன் கையில், கிளம்பலாம் என்ற சொல் மாமியார் வாயில். படித்தது ஒருத்தி, பரீட்சை எழுதுவது வேறு ஆட்கள். செவிலியர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை. எத்தனையோ பதிவேடு, அதற்கு மேல் செல்போனில் பதிவு, தடுப்பூசி, முகாம் என்று அத்தனையையும் ஒரு பெண்மணி ஒண்டியாகப் பிழையில்லாமல் முடிக்கிறார். எந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கு ரத்தம் எவ்வளவு என்று பார்க்காமலே சொல்கிறார். ஒரு வீட்டுத் திண்ணையில் குடும்பத்தையே உட்கார வைத்துப் பேச அவருக்கு நேரம் ஒதுக்கியவர் யாருமில்லை.

கடைசியாக எங்கள் பெண்களின் பொறுமை. ஊரே புகழும் பொறுமை. "எங்க மருமக வலி வந்தாக்கூட வாய் தொறக்க மாட்டா, அவ்வளவு பொறுமைசாலி" என்று ஒரு பெரியம்மா பெருமையாகச் சொன்னார். களத்துமேட்டில் எட்டாம் மாதத்திலும் முந்திரிக்கொட்டை பொறுக்குகிறாள், ஒரு நாள்கூட முடியவில்லை என்று சொன்னதில்லை என்றார். இந்தப் புகழ்ச்சியை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். நல்ல மருமகள் என்ற பெயரைக் காப்பாற்ற, தலைவலியைச் சொல்லாமல் விட்ட பெண்கள் எத்தனை பேர்? நனைந்த புடவையை மறைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருந்தவர்கள் எத்தனை பேர்? தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 கணக்கெடுப்பு. உடம்பில் ரத்தமே குறைவாக இருப்பவளுக்குக் கொஞ்சம் உதிரம் போனாலும் அது பெரிய இழப்பு. அவள் வாய் திறக்கத்தான் வேண்டும். உரக்கச் சொல்லும் மருமகளை, "எனக்குப் பயமா இருக்கு, வண்டியக் கூப்பிடுங்க" என்று அடம்பிடிக்கும் மருமகளை, என்றைக்கு நாம் மெச்சிப் பேசப் போகிறோம்?

இதைப் படிக்கும் கணவர்களிடமும் மாமியார்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை மருத்துவரே பரிசோதிக்கிறார்; 2016 முதல் நாடு முழுக்க நடக்கிறது. அடுத்த 9-ஆம் தேதி உங்கள் வீட்டுப் பெண்ணைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடவே போங்கள், அறைக்கு உள்ளே போங்கள். இவளுக்குப் பிரஷர் எவ்வளவு, ரத்தம் எவ்வளவு, ராத்திரியில் ஏதாவது என்றால் நேரே எந்த ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதிலை எழுதி, வீட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள். திரும்பும் வழியில் வேன்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.